பிரேக்குக்கு ஓர் எதிர்க்கருத்து

அந்த ஒன்பது மாடிக் குடியிருப்பில் லிஃப்ட் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் நாலு விரற்கடை கீழே இறங்கி நிற்க ஆரம்பித்தபோது, அங்கே குடியிருந்தவர்கள் யாரும் மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை. கருத்துச் சொன்னார்கள்.

அதற்கென்றே அவர்களிடம் ஒரு மன்றம் இருந்தது. தொட்டியில் தண்ணீர் எப்போது ஏறும் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதற்காகப் போனில் ஆரம்பித்த குழுதான் அது. ஆரம்பித்த மூன்றாம் வாரமே தண்ணீரைக் கைவிட்டுவிட்டது. இப்போது அதற்கு இருநூற்றுச் சொச்சம் உறுப்பினர்கள், நாற்பத்தொரு விதிகள், அறிவியல், தொழில்நுட்பம், நம்பிக்கை என்று மூன்று பிரிவுகள், கீழ்த்தளத்தில் தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு அறை, அறைக்கு வெளியே ‘கருத்து மன்றம்’ என்று பித்தளைப் பலகை. தண்ணீர் எப்போது ஏறும் என்பது மட்டும் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

லிஃப்ட் கீழே இறங்கி நிற்பதை எந்தப் பிரிவில் விவாதிப்பது என்று தீர்மானிக்கவே பதினொரு நாள் பிடித்தது. கடைசியில் மூன்று பிரிவிலும் விவாதித்தார்கள். நாலாம் மாடியில் ஒரு அம்மாள் இருந்தார். எதற்கெடுத்தாலும் அலைவரிசை என்பதால் அவருக்கு அலைவரிசை அம்மா என்றே பெயர். கட்டடத்தில் கோபக்காரர்கள் அதிகமாகிவிட்டதால் லிஃப்டின் மனம் கனத்துவிட்டது என்று அவர் எழுதினார். மூன்றாம் மாடிப் பல் டாக்டர், பூமியின் இழுப்பு எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருப்பதாக எந்த ஆதாரமும் இல்லை என்றார். ஆறாம் மாடியில் ஒரு கம்ப்யூட்டர்காரர், லிஃப்ட் இப்போது தானாகவே கற்றுக்கொண்டிருக்கிறது, கற்கும்போது நாலு தப்பு வரத்தான் செய்யும், அதன் தன்னம்பிக்கையைக் கெடுக்காதீர்கள் என்றார். லிஃப்ட் பத்தொன்பது வருஷம் பழையது. இந்த வயதில் அது என்ன கற்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

மெக்கானிக் வந்தது எண்ணெய் போட. மாசம் ஒரு தடவை வருகிற வேலை. மொட்டை மாடியில் மெஷின் அறையைத் திறந்து, மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். பிரேக் கட்டையில் ஒட்டியிருக்கும் லைனிங் என்கிற உராய்வுப் பட்டை தேய்ந்து இரும்பு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. இன்றைக்கு நாலு விரற்கடை வழுக்குகிற பெட்டி நாளைக்கு நாலடி வழுக்கும், அதுவும் கதவு திறந்திருக்கும்போதே வழுக்கும். ஒருவர் ஒரு காலை வெளியே வைத்திருக்கும் நேரத்தில் வழுக்கினால் என்ன ஆகும் என்பதை அவர் ஒரு தடவை வேறொரு கட்டடத்தில் பார்த்திருக்கிறார். அதைப் பற்றி வீட்டில்கூடப் பேசுவதில்லை.

மெயின் சுவிட்சை அணைத்தார், தன் பூட்டைப் போட்டுப் பூட்டினார், ‘லிஃப்ட் ஓடாது’ என்ற அட்டையைத் தொங்கவிட்டுப் படியிறங்கினார். கீழே வந்து பையை மூடிக்கொண்டிருக்கும்போது லிஃப்ட் அவருக்கு முன்னால் வந்து நின்றது. ஐந்து விரற்கடை கீழே. உள்ளேயிருந்து கையில் ரம்பத்தோடும் அறுத்த பூட்டோடும் ஒரு பெரியவர் இறங்கினார். அவர்தான் மன்றத்தின் தலைமை நெறியாளர். ஒன்பதாம் மாடி.

“இது உங்க பூட்டா?” என்றார் மிகவும் மரியாதையாக. “ஒருதலைப்பட்சமா இருந்துச்சு. அதான் எடுத்துட்டோம்.”

“சார், பிரேக் தேஞ்சு போச்சு. ஆள் போயிடும் சார்.”

“இருக்கலாம். ஆனா லிஃப்ட் இப்ப விவாதத்துல இருக்கு. விதி பன்னெண்டு. விவாதத்துல இருக்கற பொருள் எதையும் விவாதம் முடியறவரைக்கும் மாத்தக் கூடாது. ஓடிட்டிருந்த லிஃப்டைப் பத்தித்தானே பேச ஆரம்பிச்சோம்? நீங்க நிறுத்திட்டா நாங்க பேசினதெல்லாம் என்னாகறது?”

அறைக்குள் கூட்டிக்கொண்டுபோய் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். சுவரில் நாற்பத்தொரு விதிகளும் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தன. நெறியாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஓய்வுபெற்ற அதிகாரி. பேச ஆரம்பித்தால் எதிரில் ஒலிபெருக்கி இருப்பதாகவே நினைத்துக்கொள்வார்.

“தம்பி, விஷயம் தெரிஞ்சவன் சொன்னா கேட்டுக்கணும்கற காலமெல்லாம் மலையேறிப் போச்சு. தெரிஞ்சவன் ஒருத்தன்தான் இருப்பான், தெரியாதவங்க இருநூறு பேர் இருப்போம். இதுல யாரு பக்கம் நியாயம்? நான் முப்பத்திரண்டு வருஷம் அதிகாரியா இருந்தேன். என் மேஜைக்கு வந்த ஒரு கோப்பைக்கூட நான் புரிஞ்சுக்கிட்டதில்ல. எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டேன். ஒண்ணாவது திரும்பி வந்துச்சா? வரல. அங்கதான் எனக்குத் தெளிவு வந்துச்சு. புரியறதுக்கும் முடிவெடுக்கறதுக்கும் சம்பந்தமே கிடையாது.”

மெக்கானிக் பையிலிருந்து ஒப்புதல் படிவத்தை எடுத்து நீட்டினார். “இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க சார். பாதி நாள் வேலை. மாத்திட்டுப் போயிடறேன்.”

நெறியாளர் படிவத்தை வாங்கி, முகர்ந்து பார்க்காத குறையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கண்ணாடி உருண்டை ஒன்றின் அடியில் வைத்தார். “மன்றத்துல சேருங்க. உங்க கருத்தைப் பதிவு பண்ணுங்க. உங்களுக்குன்னு தனிச் சட்டமா இருக்கு?”

மெக்கானிக் வெளியே வந்து கம்பெனி மேற்பார்வையாளருக்குப் போன் போட்டார். அவர் முழுதாகக்கூடக் கேட்கவில்லை. “எழுத்துல ஒப்புதல் வாங்கு. வாங்காம அந்த மெஷின்ல கைய வெச்ச, அப்புறம் வேற கம்பெனி பாத்துக்க.”

இதோடு மெக்கானிக் அப்படியே போயிருக்கலாம். ஊரில் எத்தனையோ லிஃப்ட். ஆனால் ஆறாம் மாடியில் இருந்தது அவருடைய சொந்தத் தங்கை. லிஃப்ட் கற்றுக்கொண்டிருக்கிறது என்று எழுதிய கம்ப்யூட்டர்காரர் அவருடைய சொந்த மாப்பிள்ளை. தங்கைக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

படியேறிப் போனார். கதவைத் திறந்த தங்கை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“லிஃப்ட்ல ஏறாதம்மா. சொன்னாக் கேளு.”

“ஆறு மாடி அண்ணே. வாரா வாரம் டாக்டர்ட்டப் போகணும். இந்த வயித்தோட எப்படி நடப்பேன்?”

“அப்ப நம்ம வீட்டுக்கு வந்துடு. உங்க அண்ணியும் கேட்டுட்டே இருக்கா. தரைத்தளம்தான்.”

தங்கை குரலைத் தாழ்த்தினாள். “நானும் சொல்லிப் பாத்துட்டேன். மன்றத்து ஆளு வீட்டைக் காலி பண்ணினா அது மறைமுகக் கருத்தாயிடுமாம். முதுநிலைக் கருத்தாளர் பட்டம் போயிடுமாம்.”

உள்ளேயிருந்து மாப்பிள்ளை போனைப் பார்த்தபடியே குரல் கொடுத்தார். “மச்சான், உங்க அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனா அனுபவங்கறது ஒரு ஆளோட அனுபவம்தானே?”

மெக்கானிக் விறுவிறுவென்று படியிறங்கினார். பேசினால் கை நீண்டுவிடும் என்று பயந்தார். அன்றைக்கே மன்றத்தில் சேர்ந்தார். சேர்ந்ததும் எழுதினார்: ‘லிஃப்ட் பிரேக் தேய்ந்துவிட்டது. உடனே மாற்ற வேண்டும்.’ அடுத்த நொடி பதில் வந்தது. அவர் ‘புதியவர்’. புதியவர்கள் தொழில்நுட்பப் பிரிவில் வாய் திறக்க முடியாது. நாற்பது கருத்துச் சொன்னால் ‘கருத்தாளர்’ ஆகலாம். அந்த நாற்பதும் தனக்குச் சம்பந்தமில்லாத விஷயங்களில் இருக்க வேண்டும், அப்போதுதான் நடுநிலை இருக்கும்.

முதல் கேள்வி, ‘வெளிச்சம் களைத்துப்போகுமா?’ மெக்கானிக் யோசித்துப் பார்த்து, ‘தெரியாது’ என்று எழுதினார். மன்றம் ஆடிப்போய்விட்டது. இரண்டு வருஷத்தில் அந்தச் சொல்லை அங்கே யாரும் எழுதியதில்லையாம். எச்சரிக்கை வந்தது: ‘“தெரியாது” என்பது கருத்து அல்ல. சக உறுப்பினர்களை அவமதிக்கும் செயல்.’

தங்கைதான் வழி சொன்னாள். “அண்ணே, எதையும் ‘ஒரு கோணத்தில் பார்த்தால்’னு ஆரம்பி. அப்புறம் வாய்ல வந்ததை எழுது. கடைசியில ‘சிந்திப்போம்’னு போடு. உங்க மாப்பிள்ளை இப்படித்தான் முதுநிலை ஆனாரு.”

நிலா ஏன் நம் பின்னாலேயே வருகிறது என்று கேட்டார்கள். ‘ஒரு கோணத்தில் பார்த்தால், நாம் எங்கே போகிறோம் என்று அதற்கு நம்பிக்கை இல்லை. சிந்திப்போம்’ என்று எரிச்சலோடு எழுதினார் மெக்கானிக். போன் திரையில் எழுபது கைதட்டல் விழுந்தது. வேண்டிக்கொண்டால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்குமா என்று கேட்டார்கள். ‘ஒரு கோணத்தில் பார்த்தால், தண்ணீரும் நம்மை வேண்டிக்கொள்கிறது, கொதிக்க வைக்காதே என்று. சிந்திப்போம்.’ நூற்றுப் பன்னிரண்டு கைதட்டல். அலைவரிசை அம்மா அழுதுவிட்டதாகத் தனியாகச் செய்தி அனுப்பினார்.

இந்த இடத்தில் மெக்கானிக்கைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. இருபத்து மூன்று வருஷமாக லிஃப்ட் ஓடும் குழிகளுக்குள் தொங்கி, கிரீஸில் குளித்து, எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறார். ஒருவர்கூடக் கைதட்டியதில்லை. ‘ஏன் இவ்வளவு நேரம்?’ என்றுதான் கேட்டிருக்கிறார்கள். இங்கே நிலாவைப் பற்றி ஒரு வரி உளறியதற்கு எழுபது பேர் தட்டுகிறார்கள். வேலைக்கு நடுவே கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். தன்னுடைய பழைய கருத்துகளைத் தானே மறுபடி படித்து ரசித்தார். நாற்பது முடிந்த பிறகும் நிறுத்தவில்லை, ஐம்பத்தெட்டு வரை போனார்.

கருத்தாளர் ஆனதும் பிரேக்கைப் பற்றி எழுதினார். நெறியாளர் உடனே அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

“உங்கமேல நான் எவ்வளவு மதிப்பு வெச்சிருந்தேன் தம்பி. அந்தத் தண்ணி கருத்து, அடடா! அப்படி எழுதற கை இப்படி எழுதலாமா? ‘பிரேக் தேய்ந்துவிட்டது.’ இதுல கருத்து எங்க இருக்கு? இது வெறும் தகவல். தகவலை யாரு வேணும்னாலும் சொல்லிடலாமே!”

பல் டாக்டரும் அங்கே உட்கார்ந்திருந்தார். விதி ஏழின்படி ஒவ்வொரு கருத்துக்கும் அதே எடையில் ஓர் எதிர்க்கருத்து இருந்தாக வேண்டும். யாரும் எதிர்க்கவில்லை என்றால் மன்றமே ஒரு எதிர்க்கருத்தாளரை நியமிக்கும். பிரேக் விஷயத்தில் டாக்டர் நியமிக்கப்பட்டிருந்தார்.

“டாக்டர், மெஷின் ரூமுக்கு வாங்க. கண்ணால பாத்துட்டு எதிர்த்து எழுதுங்க” என்றார் மெக்கானிக்.

“பாத்தா எப்படிங்க எதிர்க்கறது?” என்றார் டாக்டர். “நான் பாக்காத வரைக்கும்தான் என் கருத்து சுதந்திரமா இருக்கும். என்கிட்ட தினமும் தேஞ்ச பல்லோட ஆளுங்க வர்றாங்க. தேஞ்சாலும் மென்னுட்டுத்தான் இருக்காங்க. அதையே எழுதிடறேன்.”

எழுதினார். பிரேக்குக்குத் தொண்ணூற்று மூன்று, பல்லுக்குத் தொண்ணூற்று மூன்று என்று கைதட்டல் சரிசமமாக விழுந்தது. நெறியாளர் இதைவிட அழகான சமநிலையைத் தன் ஆயுளில் பார்த்ததில்லை என்று அறிவித்து, ஆற அமர யோசிப்பதற்கு ஏழு நாள் அவகாசம் கொடுத்தார். படிவம் கண்ணாடி உருண்டைக்கு அடியிலேயே இருந்தது.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு மெக்கானிக் அந்தக் குடியிருப்பின் தெருமுனை டீக்கடையில் இருந்தார். நெறியாளரைப் பார்த்துக் கெஞ்சலாம் என்றுதான் வந்திருந்தார். ஆனால் டீ வருவதற்குள் ‘இயந்திரங்கள் பிரார்த்தனை செய்யுமா?’ என்ற கேள்வி வந்துவிட்டது. ‘ஒரு கோணத்தில் பார்த்தால்’ என்று ஆரம்பித்து நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது தங்கையின் அழைப்பு வந்தது. எழுத்து மறைந்துவிடுமே என்று தள்ளிவிட்டார். மறுபடி வந்தது. மறுபடியும் தள்ளிவிட்டார். எழுதி முடித்து, முதல் இருபது கைதட்டலை எண்ணிய பிறகு மூன்றாவது அழைப்பை எடுத்தார்.

“அண்ணே, லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். ஆறாம் மாடியில கதவு திறந்துச்சு, காலை வெளிய வெக்கப் போனேன், அப்படியே கீழ வழுக்கிடுச்சு. எதிர்ல சுவர்தான் தெரியுது. அண்ணே, ஏன் போனை எடுக்கல?”

வந்த டீயை அப்படியே வைத்தார். ஓடினார்.

லிஃப்டுக்குள் தங்கையோடு இன்னொருவரும் இருந்தார், தலைமை நெறியாளர். அபாய மணி அவருக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் மணியை அழுத்தவில்லை, மன்றத்தில் எழுதினார்: ‘ஒரு கோணத்தில் பார்த்தால், லிஃப்ட் நின்றுவிட்டது. உதவி தேவை. சிந்திப்போம்.’ மன்றம் கடமை தவறவில்லை. பல் டாக்டர் உடனே எதிர்க்கருத்தை வைத்தார்: ‘பூமியே சுழன்றுகொண்டிருக்கும்போது லிஃப்ட் மட்டும் எப்படி நிற்கும்? நின்றது லிஃப்டா, அதில் இருப்பவரின் மனமா?’ அலைவரிசை அம்மா, உள்ளே இருப்பவர்கள் கோபத்தை விட்டால் லிஃப்ட் தானாக நகரும் என்றார். உள்ளே வியர்த்து வழிந்துகொண்டிருந்த நெறியாளர், பழக்கதோஷத்தில், ‘சமநிலைக்கு நன்றி டாக்டர்’ என்று பதில் போட்டார்.

மெக்கானிக் ஒன்பது மாடியும் ஏறி மொட்டை மாடிக்குப் போனபோது மெஷின் அறை வாசலில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது, கையில் போன் இருந்தது.

“மச்சான், வாக்கெடுப்பு போயிட்டிருக்கு. உதவலாம்னு இப்ப ஐம்பத்தோரு சதவீதம் வந்துடுச்சு. இன்னும் கொஞ்ச நேரம்…”

“உள்ள இருக்கறது உன் பொண்டாட்டிடா.”

இருபத்து மூன்று வருஷ வேலையில் மெக்கானிக் யாரையும் ‘டா’ போட்டதில்லை. மாப்பிள்ளை போனைக் கீழே வைத்தார். மெக்கானிக் மெயினை அணைத்து, பிரேக்கைத் தளர்த்தும் நெம்புகோலை அவர் கையில் கொடுத்தார். “நான் சொல்றப்ப அழுத்து. சொல்றப்ப விடு. கருத்து ஒண்ணும் சொல்லாத.” லிஃப்டைக் கையால் நகர்த்தும் சக்கரத்தை அங்குலம் அங்குலமாகத் திருப்பினார். முதல் தடவையாக, சொன்னதை மட்டும் மாப்பிள்ளை செய்தார். லிஃப்டைத் தாங்கும் கம்பியில் ஐந்தாம் மாடிக் குறி நேருக்கு வந்ததும் சக்கரத்தைக் கட்டிவிட்டு, ஓட்டமாக இறங்கி, முக்கோணச் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார்.

தங்கை வெளியே வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை. அவருக்கும் கண் கலங்கியது. அந்த இரண்டு அழைப்புகளை அவள் திரும்பச் சொல்லிக் காட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் சொல்லவில்லை.

நெறியாளர் பின்னால் இறங்கினார். சட்டையை நீவிவிட்டுக்கொண்டார்.

“மாட்டிக்கிட்டேன்னு சொல்ல மாட்டேன்” என்றார். “தாமதமானேன்.”

“இப்பவாவது கையெழுத்துப் போடுங்க சார்.”

“அவகாசம் இன்னும் ரெண்டு நாள் இருக்கே தம்பி. நடுவுல போட்டா நான் பாதிக்கப்பட்டவன்கறதால ஒரு பக்கம் சாஞ்சுட்டேன்னு பேச்சு வரும்.”

மெக்கானிக் மறுபடி மொட்டை மாடிக்கு ஏறினார். கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, உள்ளே சொருகியிருந்த மின்னணுக் கார்டைக் கழற்றினார். அது இல்லாவிட்டால் லிஃப்ட் வெறும் இரும்பு அலமாரி. அந்தக் கம்பெனியைத் தவிர வேறு எங்கேயும் கிடைக்காது. அதைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். ‘கார்டு என்னிடம் இருக்கிறது. பிரேக் மாற்ற ஒப்புதல் தந்தால் திரும்பப் பொருத்துவேன்’ என்று மெஷின் அறைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு போனை எடுத்து மன்றத்திலிருந்து வெளியேறினார். வெளியேறும் முன் பிரார்த்தனைக் கருத்துக்கு விழுந்த கைதட்டலை ஒரு தடவை பார்த்தார் என்பதையும் மறைக்க வேண்டாம். இருநூற்று ஆறு இருந்தது.

கம்பெனியில் சும்மா விடவில்லை. விசாரணை முடியும்வரை வீட்டில் உட்கார் என்றார்கள். உட்கார்ந்தார். தங்கை அவர் வீட்டுத் தரைத்தளத்து அறைக்கு வந்துவிட்டாள். நாலாவது வாரம் பெண் குழந்தை பிறந்தது. மாப்பிள்ளை தினமும் வந்து குழந்தையைப் பார்த்துவிட்டுப் போனார். மன்றத்தில் அவருடைய முதுநிலைப் பட்டத்தைப் பறித்துவிட்டார்களாம், கருத்துச் சொல்லாமல் நெம்புகோலைப் பிடித்த குற்றத்துக்கு.

மன்றமும் சும்மா இருக்கவில்லை. ‘லிஃப்ட் ஓடுகிறதா?’ என்று வாக்கெடுப்பு நடத்தியது. நூற்று முப்பத்தொரு பேர் ஓடுகிறது என்றும், ஐம்பத்தெட்டுப் பேர் ஓடவில்லை என்றும், மீதிப் பேர் ஒரு கோணத்தில் இரண்டும் என்றும் வாக்களித்தார்கள். ஓடுவதாகத் தீர்மானம் நிறைவேறியது. ஓடுகிற லிஃப்டுக்குப் பிரேக் மாற்றுவானேன் என்று படிவத்தை எடுத்துக் கோப்பில் போட்டுவிட்டார்கள்.

குழந்தைக்கு ஒரு மாதம் ஆனபோது, ஆறாம் மாடி வீட்டில் விட்டுவந்த தங்கையின் துணிமணிகளை எடுத்துவர மெக்கானிக் போனார். ஐந்தாம் மாடித் திருப்பத்தில் யாரோ படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். தலைமை நெறியாளர்தான். பக்கத்தில் காய்கறிப் பை, முழங்காலில் ஒரு கை, மறு கையில் போன். கட்டைவிரல் மட்டும் களைக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. மெக்கானிக்கை அண்ணாந்து பார்த்தார்.

“என்ன தம்பி, நடந்து வர்றீங்க? லிஃப்ட்தான் ஓடுதே.”

மெக்கானிக் அவரைப் பார்த்தார். “அப்ப நீங்க ஏன் சார் படியில?”

நெறியாளர் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், கைப்பிடியைப் பற்றி எழுந்தார், காய்கறிப் பையைத் தூக்கினார். மேலே இன்னும் நாலு மாடி இருந்தது.

“நான் எதிர்க்கருத்தைப் பரிசீலிச்சிட்டிருக்கேன்” என்றார்.